ஐஸ் தொழிற்சாலைக்குப் பரிசோதனை மென்பொருள் வாங்கலாமா?

யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கரையோரத்தில் அமோனியாவில் ஓடுகிற ஐஸ் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பொறுப்பாளர் கேட்டிருக்கிறார். தொழிற்சாலை 80களில் தொடங்கியது. போர்க்காலத்தில் ஓடியும் நின்றுமாக இருந்து, பிறகு பல வருசம் பூட்டிக் கிடந்து, 2010 க்குப் பின் திரும்பத் திறந்தது. முதலாளியின் மகன் கனடாவில் எண்ணெய்க் கம்பனி ஒன்றில் இருக்கிறார். அங்கே குழாய்த் தடிப்பு, பாத்திரப் பரிசோதனை எல்லாம் மென்பொருளில் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் ஒன்று வாங்கச் சொல்கிறார். கையில் இருப்பது ஓர் எக்செல் கோப்பும் இரண்டு கொப்பியும். தொடக்கத்திலிருந்தே வேலை செய்கிற மெக்கானிக் ஐயா வருகிற சித்திரையோடு ஓய்வு பெறுகிறார். வாங்கத்தான் வேண்டுமா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்பது கேள்வி.

தம்பி, என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த வருசம் வாங்க வேண்டாம். மென்பொருளுக்குள் போடுவதற்கு உங்களிடம் இன்னும் போதிய விபரம் இல்லை. இருக்கிற விபரத்தில் பெரும்பகுதி அந்த மெக்கானிக் ஐயாவின் தலைக்குள் இருக்கிறது. அதை எழுத்தில் இறக்கி, ஒரு வருசம் ஒழுங்காக அளந்து பாருங்கள். உங்களுக்கு எது தேவை என்று அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

நான் கட்டாரிலும் அபுதாபியிலுமாக 19 வருசம் குழாய்கள், அமுக்கப் பாத்திரங்கள், தாங்கிகள் பரிசோதிக்கிற வேலை செய்தவன். நாளின் பாதி சாரக்கட்டில், பாதி இந்த மென்பொருள்களுக்கு முன்னால். அவற்றின் அருமை எனக்குத் தெரியும். அதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். விற்க வருகிறவர்கள் இரண்டு வகையான மென்பொருளை ஒரே பெயரில் விற்பார்கள். ஒன்று பராமரிப்பு மென்பொருள், சிஎம்எம்எஸ் என்பார்கள். அதற்குத் தெரிந்தது வேலையும் திகதியும்: கொம்பிறெசருக்கு எண்ணெய் மாற்று, பெல்ட்டைப் பார், பம்புக்குக் கிறீஸ் அடி. மற்றது பரிசோதனைத் தரவு மென்பொருள், ஐடிஎம்எஸ். இது இரும்பின் கணக்கை வைத்திருப்பது. எந்தக் குழாயில் எந்த இடத்தில் எத்தனை மில்லிமீற்றர் மிஞ்சியிருக்கிறது, வருசத்துக்கு எவ்வளவு தேய்கிறது, இன்னும் எத்தனை வருசம் தாங்கும், எப்போது திரும்ப அளக்க வேண்டும் என்பது அதன் வேலை. மெக்கானிக்கல் இன்டெக்ரிட்டி என்று அங்கே சொல்வது இதைத்தான்: அமுக்கத்தைத் தாங்குகிற இரும்பு, தாங்க வேண்டிய நாள் வரை தாங்குமா என்பதை அளந்து தெரிந்து வைத்திருப்பது.

முதலாளியின் மகன் பார்த்திருக்கக்கூடியது இந்த இரண்டாவது வகை. 2016 இல் ஜீஈ வாங்கிய மெரிடியம், மிஸ்ட்ராஸின் பிசிஎம்எஸ், டிஎன்வியின் சினெர்ஜி பிளான்ட், செனோஸ்கோவின் ஐஎம்எஸ் என்று பல இருக்கின்றன. எல்லாம் நல்லவை. ஆனால் அவை பல்லாயிரம் அளவுப்புள்ளிகள் (தடிப்பை அளக்கவென்று குறித்து வைத்த இடங்கள்) உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை மனதில் வைத்துச் செய்தவை. உங்களிடம் ஒரு நூறு, நூற்றைம்பது புள்ளி வரும்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு நாலு அங்குலக் குழாயில் குறித்த ஓரிடத்தில் 2018 இல் 5.9 மில்லிமீற்றர், 2022 இல் 5.5, 2025 இல் 4.9 என்று வைப்போம். ஏழு வருசத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் வருசத்துக்கு ஏறக்குறைய 0.14 தேய்கிறது. கடைசி மூன்று வருசத்தை மட்டும் பார்த்தால் 0.2. அந்தக் குழாய்க்குத் தேவையான ஆகக்குறைந்த தடிப்பு 3.1 என்றால் மிச்சம் 1.8. முதல் வேகத்தில் பன்னிரண்டரை வருசம், இரண்டாவது வேகத்தில் ஒன்பது வருசம். தகுந்த காரணம் இல்லாவிட்டால் குறைந்ததை எடுக்க வேண்டும். ஏபிஐ, அதாவது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம், குழாய்ப் பரிசோதனைக்கு வெளியிட்ட ஏபிஐ 570 தரத்தின்படி, மிச்ச ஆயுளின் பாதிக்குள் அல்லது அந்த வகைக் குழாய்க்கு விதித்த காலத்துக்குள், எது முந்துகிறதோ அதற்குள் திரும்ப அளக்க வேண்டும். ஆக நாலரை வருசம். மென்பொருள் செய்வது இந்தக் கழித்தலும் வகுத்தலும்தான், ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு, களைக்காமல், மறக்காமல். நூறு புள்ளிக்கு எக்செல் தாராளமாகச் செய்யும்.

அமோனியாக் குளிரூட்டலுக்கென்றே ஐஐஏஆர் 6 என்று 2019 இல் வந்த அமெரிக்கத் தரம் ஒன்று இருக்கிறது. ஏபிஐ நூல்கள் எண்ணெய் ஆலைக்காரருக்கானவை. உங்களுக்கு முதலில் வேண்டியது இதுதான்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகிற விசயத்துக்கு வருகிறேன். 2019 யூன் 21 அதிகாலை அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. 17 தொன் அளவான ஒரு பாத்திரத் துண்டு பறந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ஆலை அதன் பிறகு திறக்கவேயில்லை. காரணம் ஓர் எல்போ, குழாய் திரும்புகிற இடத்தில் ஒட்டியிருந்த வளைவுத் துண்டு. 1973 வாக்கில் பொருத்தியது. அந்த இடத்தில் 4.6 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் குழாயைக் கழித்துவிட வேண்டும் என்பது அந்த ஆலையின் விதி. உடைந்தபோது அது தேய்ந்து 0.3 மில்லிமீற்றரில் நின்றது. அதே குழாய்வரிசையில் மற்ற இடங்களை ஒழுங்காக அளந்துதான் வந்தார்கள். அந்த இடங்களில் தடிப்பு நன்றாக இருந்தது. உடைந்த எல்போவில் மட்டும் நிக்கலும் செம்பும் மற்றத் துண்டுகளைவிடக் கூடுதலாக இருந்தன. அங்கே ஓடிய ஐதரோபுளோரிக் அமிலம் அந்தக் கலவையை வேகமாகத் தின்றுவிட்டது. அந்தத் துண்டில் அளவுப்புள்ளி இருக்கவில்லை. பதிவுகளில் அந்தக் குழாய்வரிசை சுகமாக இருந்தது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்த் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வந்தன. 90களில் இங்கே பொருளாதாரத் தடை. சீமெந்து, இரும்பு, எரிபொருள், பற்றரி எதுவும் சும்மா வராது. ஒரு குழாய் வெடித்தால் அதே அளவில், அதே தரத்தில் புதுக்குழாய் எடுக்க வழியில்லை. கிடைத்ததை வெட்டி ஒட்டினார்கள். உடைந்த தொழிற்சாலையில் கழற்றியது, தண்ணீர்க் குழாயாகக் கிடந்தது, எங்கேயோ மண்ணுக்குள் இருந்து கிண்டி எடுத்தது என்று எல்லாம் போயிற்று. அந்த மனிதர்களின் கைத்திறமையில்தான் இந்த ஊர் ஓடியது, அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அதன் விளைவாக, எங்கள் பழைய தொழிற்சாலைகளில் ஒரே வரிசைக் குழாயில் நாலு விதமான இரும்பு இருக்கக்கூடும். வெளியே பெயின்ற் ஒரே நிறம். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது, எது எங்கேயும் எழுதப்படாமல் போயிற்று என்பது ஒட்டினவருக்கும் பக்கத்தில் நின்றவருக்கும் மட்டும் தெரியும். அவர்களில் பாதிப்பேர் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும். உங்களிடம் ஒருவர் மிஞ்சியிருக்கிறார்.

எந்த மென்பொருளை வாங்கினாலும் அது முதலில் உங்களிடம் கேட்கப்போவது: இந்தக் குழாய் எப்போது போட்டது, என்ன இரும்பு, தொடக்கத் தடிப்பு எவ்வளவு. தெரியாவிட்டால் அந்தப் பெட்டியை நிரப்பாமல் மேலே போக விடாது. அப்போது அலுவலகத்தில் இருக்கிற பிள்ளை ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பும். அந்த நிமிடத்திலிருந்து அது உண்மை ஆகிவிடும். பத்து வருசம் கழித்து வருகிறவர் அதை நம்பித்தான் கணக்குப் பார்ப்பார். ‘தெரியாது’ என்று பதிய இடம் கொடுக்கிற முறைதான் நல்ல முறை. உங்கள் எக்செல்லில் இன்றைக்கே அந்தச் சொல்லைத் துணிந்து எழுதுங்கள்.

அளவெடுப்பிலும் இதே கவனம் வேண்டும். வளைகுடா ஆலை ஒன்றில் ஓர் ஆறு அங்குலக் குழாயின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று புள்ளி, மூன்றும் வருசாவருசம் ஒரே சீராக இறங்கி 5.2 இல் வந்து நின்றன. அவ்வளவு அழகான கோடு. இன்னும் இரண்டு வருசத்தில் மாற்ற வேண்டும் என்று எழுத ஆயத்தமானேன். எழுதுமுன் ஒருதரம் நேரில் பார்ப்போம் என்று போனபோது, கூட வந்த திருச்சிக்கார வெல்டர் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், இது போன ஷட்டவுன்ல நான் போட்ட புதுப் பைப்பு.” கருவியை வைத்தேன், 7.0. அந்தத் துண்டை மாற்றி இரண்டு வருசம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் பழைய குழாயின் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. யாரும் சாரக்கட்டில் ஏறவில்லை. மேசையில் இருந்தபடி போன வருச இலக்கத்தில் கொஞ்சம் கழித்து எழுதியிருக்கிறார்கள். மென்பொருளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, ஏனென்றால் இலக்கங்கள் எல்லாம் எல்லைக்குள் இருந்தன. அன்றைக்குப் பிறகு, அளவோடு படமும், அளந்தவர் பெயரும், கருவியின் இலக்கமும் இல்லாத எந்தப் பதிவையும் நான் ஏற்றதில்லை.

கருவி பொய் சொல்கிற இடங்களும் உண்டு. தடிப்பு அளக்கிற மீயொலிக் கருவி ஒலியை இரும்புக்குள் அனுப்பி, அது மறுபக்கத்தில் பட்டுத் திரும்புகிற நேரத்தைத் தடிப்பாக மாற்றிக் காட்டுவது. பெயின்றில் ஒலி இரும்பைவிட மெதுவாகப் போகும். அதனால் சாதாரண முறையில் பெயின்றுக்கு மேல் வைத்து அளந்தால் 0.3 மில்லிமீற்றர் பெயின்ற் 0.7 மில்லிமீற்றர் இரும்பு போலக் கணக்கில் ஏறும். பெயின்றைத் தவிர்த்து அளக்கிற முறை உள்ள கருவியாக எடுங்கள், அல்லது சுரண்டிவிட்டு அளங்கள். இதைவிட ஆபத்தானது, மிகவும் தேய்ந்த இடத்தில் சில புரோப்கள் (கருவியில் குழாய்மேல் வைக்கிற முனை) இரட்டிப்பாகக் காட்டுவது. 1 மில்லிமீற்றர் மிஞ்சிய இடத்தில் திரையில் 2 என்று வரும். சந்தேகமான இடத்தில் ஒருபோதும் ஒரே தரத்தோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு காலையும் படிக்கட்டு மாதிரி வெட்டிய அளவுக் கட்டையில் கருவியைச் சரிபார்த்து, அதையும் எழுதுங்கள்.

உங்கள் தொழிற்சாலையில் எங்கே அளப்பது? நான் முதலில் போவது காப்புறை சுற்றிய உறிஞ்சு குழாய்களுக்கு, அதாவது குளிர்ந்த அமோனியா கொம்பிறெசருக்குத் திரும்புகிற குழாய்களுக்கு. ஓடும்போது அது பூச்சியத்துக்குக் கீழே, உறைபனி கட்டியிருக்கும். கரண்ட் போனால், அல்லது மீன் வரத்துக் குறைந்து நிறுத்தினால், உருகி வியர்க்கும். திரும்ப உறையும். காப்புறையின் வெளித்தகட்டில் ஆணியளவு ஓட்டை இருந்தாலும் ஈரம் உள்ளே போய்விடும், திரும்பி வராது. காப்புறைக்குள் கறள் பிடிப்பது, சாதாரணக் காபன் உருக்கில் பாகை −12 முதல் 175 செல்சியஸ் வரை எதிர்பார்க்க வேண்டியது என்று ஏபிஐ நூல்கள் சொல்கின்றன. உங்கள் குழாய் அந்த எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் தினமும் போய் வருகிறது. கூடவே கடல். ஐப்பசியில் தொடங்கி வாடைக்காற்று உப்பை அள்ளி வந்து வடக்குப் பக்கச் சுவரிலும் குழாயிலும் அறைகிறது.

சென்ற வருசம் ஒரு நண்பரின் குளிர்களஞ்சியத்தில் இப்படியொரு குழாயின் தகட்டைக் கழற்றினோம். வெளியே வெள்ளைத் தகடு பளபளவென்று இருந்தது. உள்ளே காப்புறையைப் பிழிந்தால் தண்ணீர். அதன் கீழே கறள் பாளம் பாளமாக, பனங்குருத்து உரிப்பதுபோலக் கையோடு வந்தது. மேற்பக்கத்தில் 5 மில்லிமீற்றருக்கு மேல் இருந்த குழாய், தாங்குகாலின் மேல் உட்கார்ந்திருந்த அடிப்பக்கத்தில் 2.3. மேலே மட்டும் ஒரு ஜன்னல் வெட்டி அளந்திருந்தால் நல்ல குழாய் என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். ஆகவே தாங்குகால்கள், வளைவுகளின் அடி, வால்வுக்குப் பக்கத்தில் காப்புறை முடிகிற இடம், சுவரைத் துளைத்துப் போகிற இடம், வடக்குப் பார்த்த பக்கம். இவற்றில் புள்ளி வையுங்கள். மற்ற இடங்கள் பிறகு.

அமோனியாவைச் சேமிக்கிற அமுக்கப் பாத்திரத்தைப் பற்றி ஒரு சொல். காற்று கலந்த, ஈரமில்லாத அமோனியா காபன் உருக்கில் வெடிப்பு, அதாவது கீறல், உண்டாக்கக்கூடியது. வெடிப்பைத் தடிப்புக் கருவி காட்டாது. முழுத் தடிப்பும் இருக்கும், வெடிப்பும் இருக்கும். அதைப் பார்க்க வேறு பரிசோதனை, வேறு ஆள். உங்கள் பதிவில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குழாய்க்கும் நேரே ‘இது எப்படிக் கெடும்’ என்று ஒரு நிரல் இருக்கட்டும். தேய்வா, வெடிப்பா, காப்புறைக்குள் கறளா என்று. அந்த நிரல்தான் என்ன பரிசோதனை செய்வது என்பதைத் தீர்மானிக்கும். பாதுகாப்பு வால்வுகளையும் மறக்க வேண்டாம். அமோனியாத் தொழிலில் 5 வருசத்துக்கு ஒருமுறை அவற்றை மாற்றுவது வழமை. ஜெனரேற்றருக்கு டீசல் தாங்கி இருந்தால் அதுவும் பட்டியலில் வர வேண்டும், அடித்தகடு மண்ணோடு படுகிற பக்கத்திலிருந்து தின்னப்படும். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், ஒழுகுவது நேரே கிணற்றுக்குப் போகும். சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது ஊர் பட்ட பாட்டை மறக்க முடியாது.

எக்செல்லுக்கு ஒரேயொரு விதி சொல்கிறேன், அதைப் பிடித்தால் போதும்: ஓர் அளவுக்கு ஒரு வரி. புள்ளி இலக்கம், திகதி, அளவு, அளந்தவர், கருவி, குறிப்பு. இப்போது உங்கள் கோப்பில், எனக்குத் தெரிந்த எல்லாக் கோப்புகளிலும் போலவே, வருசத்துக்கு ஒரு நிரல் இருக்கும். அப்படி வைத்தால் யாரோ ஒருநாள் பழைய இலக்கத்துக்கு மேலேயே புதியதை எழுதிவிடுவார். வரியாக வைத்தால் பழையது அழியாது, நாளைக்கு எந்த மென்பொருளுக்கும் அப்படியே ஏற்றலாம். குழாயை மாற்றினால் அதே புள்ளி இலக்கத்தைத் திரும்பப் பாவிக்காதீர்கள். புது இலக்கம், புதுத் தொடக்கம். அந்த ஆறு அங்குலக் குழாய்க்கு இப்படிச் செய்திருந்தால் பழைய கோடு வெட்டின இடத்திலேயே முடிந்திருக்கும்.

ஒரு வருசம் கழித்து வாங்குகிற கட்டம் வந்தால், விற்கிறவர் காட்டுகிற வண்ண வரைபடங்களை விட்டுவிட்டுச் சில கேள்விகள் கேளுங்கள். இந்த வருச அளவு போன வருசத்தைவிடக் கூடுதலாக வந்தால் உங்கள் மென்பொருள் என்ன செய்யும்? குழாய் வளராது, ஆகவே இரண்டில் ஓர் அளவு பிழை. சில மென்பொருள் பேசாமல் தேய்வு பூச்சியம் என்று போட்டுவிட்டு நீண்ட ஆயுள் கொடுத்துவிடும். எங்களுக்கு வேண்டியது, நிறுத்தி ‘திரும்ப அள’ என்று சொல்வது. அடுத்து, பரிசோதனைத் திகதியைத் தள்ளிப்போட யாருக்கு அனுமதி, காரணம் எழுதாமல் தள்ளிப்போட முடியுமா? கலிபோர்னியாவின் ரிச்மண்ட் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2012 ஓகஸ்டில் உடைந்து தீப்பிடித்த குழாயை முழுதாகப் பரிசோதிக்கும்படி அதற்கு முந்திய பத்து வருசத்துக்குள் அவர்களுடைய ஆட்களே பலதடவை எழுதியிருந்தார்கள். எழுதியது கோப்பில் இருந்தது. மூடப்படாத பரிந்துரை ஒவ்வொரு திங்களும் முதலாளியின் கண்ணில் படுகிற மாதிரி இல்லாவிட்டால் அந்த மென்பொருளால் பயனில்லை.

பிறகு, கரண்டும் இணையமும் இல்லாத நேரத்தில் கைத்தொலைபேசியில் அளவைப் பதிய முடியுமா? எங்கள் ஆட்கள் தமிழில் குறிப்பு எழுதினால் எழுத்துகள் உடையாமல் இருக்குமா? இதை நான் பெரிதாக எடுப்பேன். “அடியில தட்டினால் மந்தமான சத்தம்” என்று ஒரு மெக்கானிக் தன் சொல்லில் எழுதுவது ஆயிரம் டொலர் பெறும், ஆங்கிலப் பெட்டியில் அவர் ‘ஓகே’ என்று மட்டும்தான் போடுவார். கடைசியாக, ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் தரவு முழுவதும் எக்செல்லாகத் திரும்பக் கிடைக்குமா? வருசச் சந்தா டொலரில் என்றால் 2022 ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 க்குப் போனது. அப்படியொரு மாதத்தில் சந்தா கட்ட முடியாமல் போனால் உங்கள் பத்து வருச அளவுகள் வேறொருவரின் கணினியில் பூட்டிக் கிடக்கும்.

உங்கள் அளவுக்கு, ஈஆர்பிநெக்ஸ்ட் மாதிரியான திறந்த மூல மென்பொருளில் பராமரிப்புப் பகுதியைப் பாவித்து, தடிப்புக் கணக்கை எக்செல்லிலேயே வைத்திருப்பது போதும் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் மென்பொருள் படித்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், ஒருவரை வைத்து ஒரு மாதத்தில் அமைத்துவிடலாம். சட்டப்படியான பரிசோதனையை இதனோடு குழப்ப வேண்டாம். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொதிகலன் போன்றவற்றை அங்கீகாரம் பெற்ற அலுவலர் வந்து பார்க்க வேண்டும். எது எதற்கு, எந்த இடைவெளியில் என்பதைத் தொழில் திணைக்களத்தில் கேட்டு, அந்தத் திகதிகளையும் உங்கள் கோப்பில் போடுங்கள்.

சித்திரைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மெக்கானிக் ஐயாவிடம் இரண்டு காலைகள் கேளுங்கள். கதிரையில் இருத்திக் கேட்டால் அவருக்கு ஒன்றும் ஞாபகம் வராது. குழாயின் பக்கத்தில் நடக்கும்போதுதான் வரும். கொம்பிறெசரில் தொடங்கி, குழாய் போகிற வழியே அவரை நடக்க விடுங்கள். நீங்கள் பெயின்ற் பேனையோடு பின்னால் போங்கள். அவர் “இது பிறகு போட்டது” என்று கைவைக்கிற ஒவ்வொரு துண்டிலும் ஒரு வளையமும் இலக்கமும் போடுங்கள். இன்னொருவர் கைத்தொலைபேசியில் குரலைப் பதியட்டும், பின்னேரம் கேட்டு எழுதலாம். எந்த வருசம், எங்கிருந்து எடுத்தது, யார் ஒட்டினது என்று கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொல்லுங்கள். விடிய ஆறு மணிக்கே தொடங்குங்கள். வெயில் ஏறுமுன்தான் காப்புறைத் தகட்டில் எங்கெங்கே வியர்த்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், அந்த இடங்களுக்கும் ஒரு வளையம் போட்டுவிடலாம்.